அப்பத்தாவின் மாத்திரையும் பூனைக்காலிப் பொடியும்

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பத்தாவுக்கு 74 வயது, 9 ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். மூன்று வேளை மாத்திரை. போன மாதம் உறவினர் ஒருவர் நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதைச் சூரணம் வாங்கித் தந்திருக்கிறார். முதல் வாரம் அப்பத்தா யார் கையையும் பிடிக்காமல் வீட்டு நடுமுற்றமான வளவைச் சுற்றி நடந்தாராம். இரண்டாவது வாரத்திலிருந்து, மருந்து உள்ளே போன ஒரு மணி நேரத்தில் தோளும் கழுத்தும் தாமாக நெளிகின்றன. மேலும் இரண்டு மணி நேரம் போனால், இரண்டாம் கட்டுக்குப் போகும் நிலைப்படியில் கால் தரையோடு ஒட்டியதுபோல நின்றுவிடுகிறார். "இயற்கை மருந்துதானே, ஏன் இப்படி ஆகிறது?" என்பது கேள்வி.

பொடி வேலை செய்கிறது. அதனால்தான் இப்படி ஆகிறது.

நம் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளை மூளையின் அடிப்பகுதியில் உள்ள சில நரம்பணுக்கள் செய்கின்றன. பார்க்கின்சனில் அந்த அணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, நடை தளர்கிறது. டோபமினையே கொடுத்துவிடலாமே என்றால், இரத்தத்திலிருந்து அது மூளைக்குள் நுழையாது. வாழைப்பழத்தில்கூட டோபமின் இருக்கிறது, தின்று பயனில்லை. மூளைக்குள் போகக்கூடியது அதன் முந்தைய வடிவமான லெவோடோபா. போனபின் அங்கே டோபமினாக மாறும். மாத்திரையில் இருப்பது அதுதான்.

பூனைக்காலி விதையில் இருப்பதும் அதே லெவோடோபாதான். சென்னை சேப்பாக்கத்தில் இருந்த பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் 1937இல் இந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் டோபமினுக்கு என்ன வேலை என்று தெரியவர அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் ஆயின. 2004இல் லண்டன் மருத்துவர்கள் 8 நோயாளிகளுக்கு மாத்திரையையும் பூனைக்காலிப் பொடியையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்துப் பார்த்தபோது, 30 கிராம் பொடி ஏறத்தாழ 35 நிமிடத்தில் வேலையைத் தொடங்கியது. மாத்திரைக்கு 69 நிமிடம் ஆனது. ஆக, பூனைக்காலியைக் கைவைத்தியம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. "மூலிகைதானே, கூடக் குறைய ஆனாலும் ஒன்றும் செய்யாது" என்கிறவர்களோடு அதைவிடவும் உடன்பாடில்லை. வேலை செய்யும் பொருளுக்கு அளவு உண்டு.

அந்த அளவு என்ன? விதையில் லெவோடோபா பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 6 பங்கு. 5 கிராம் கொண்ட ஒரு கரண்டிப் பொடியில் 100 மில்லிகிராம் இருக்கலாம், 300ம் இருக்கலாம். விதையை ஊறவைத்து வேகவைத்து, அந்த நீரைக் கொட்டினால் குறையும். அப்பத்தாவின் மாத்திரை அட்டையில் 110 என்று போட்டிருப்பதாக வாசகர் எழுதியிருக்கிறார். அதில் லெவோடோபா 100 மில்லிகிராம். அப்படியானால் ஒரு கரண்டிப் பொடி ஒரு மாத்திரையாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். சித்த மருத்துவத்தில் வெருகடி என்று ஓர் அளவு உண்டு; ஐந்து விரல் நுனியும் சேர்ந்து அள்ளும் அளவு. கை நடுங்கும் ஒருவர் தாமே அள்ளும் வெருகடி வேளைக்கு வேளை எவ்வளவு மாறும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாத்திரையின் 110இல் மிச்சமுள்ள 10 மில்லிகிராம் கார்பிடோபா என்ற துணை மருந்து. லெவோடோபா மூளையை எட்டும் முன்பே குடலிலும் இரத்தத்திலும் டோபமினாக மாறி வீணாவதை அது தடுக்கிறது. கார்பிடோபா வருவதற்கு முன் நான்கைந்து மடங்கு லெவோடோபா கொடுக்க வேண்டியிருந்தது. பலர் கவனிக்காத இடம் இது: மாத்திரையின் கார்பிடோபாவுக்கு மாத்திரை லெவோடோபா, பொடி லெவோடோபா என்ற பேதம் தெரியாது. இரண்டையும் காப்பாற்றி மூளைக்கு அனுப்பும். தனியாகச் சாப்பிட்டால் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துபோகும் பொடி, மாத்திரையோடு சேர்ந்தால் பல மடங்கு வலுப்பெறுகிறது. பாலில் கலந்து குடித்த நாளில் கதை வேறு. பால் புரதத்தின் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். நெரிசலில் மருந்து பின்தங்கும்.

சரி, நெளிவும் உறைவும் ஒரே நாளில் மாறி மாறி ஏன் வருகின்றன? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதற்கு நம் ஊர்க் கண்மாயைப் பார்த்தால் போதும்.

செட்டிநாட்டில் ஆறு கிடையாது என்றே சொல்லலாம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில நாள் கொட்டும் மழைதான். அதைக் கண்மாய் பிடித்து வைத்துக்கொண்டு, மடை வழியாக மாதக்கணக்கில் வயலுக்கு விடுகிறது. மழை விட்டுவிட்டுப் பெய்தாலும் பயிருக்குத் தண்ணீர் சீராகப் போகிறது. லெவோடோபாவும் மழை மாதிரிதான். விழுங்கியதும் இரத்தத்தில் குபீரென ஏறும். ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆனாலும் நோயின் தொடக்கத்தில் மூன்று வேளை மாத்திரை நாள் முழுக்கத் தாங்குகிறது. காரணம், உயிரோடிருக்கும் நரம்பணுக்கள் வந்த லெவோடோபாவை டோபமினாக்கி, நுனியில் உள்ள நுண்பைகளில் சேர்த்துவைத்து, தேவைக்கேற்ப விடுகின்றன. மிஞ்சியதைத் திரும்ப உறிஞ்சியும் கொள்கின்றன. கண்மாயும் அவையே, மடையும் அவையே.

ஆண்டுகள் போகப்போக அணுக்கள் மேலும் மடிகின்றன. கண்மாய் தூர்ந்துபோகிறது. இப்போது மழை பெய்தால் தண்ணீர் நேரே வயலில் பாய்ந்து பயிரை மூழ்கடிக்கும். மழை விட்டால் மறுநாளே வெடிப்பு விடும். அப்பத்தாவின் தோள் நெளிவது வெள்ளம். நிலைப்படியில் கால் உறைவது வறட்சி. மாத்திரை என்ற மழை மட்டும் முன்பு பெய்த அதே மழை; பொடி அதற்கு மேல் பெய்யும் மழை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. செரோடோனின் செய்யும் பக்கத்து நரம்பணுக்களிலும் லெவோடோபாவை டோபமினாக்கும் நொதி இருக்கிறது. எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டியபடி, டோபமின் அணுக்கள் போன பிறகு இவை அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் டோபமினை எப்போது நிறுத்துவது என்ற உணர்வு இவற்றுக்குக் கிடையாது. திரும்ப உறிஞ்சும் ஏற்பாடும் இல்லை. மடையும் கலுங்கும் இல்லாத வெற்று வாய்க்கால்கள். வந்ததையெல்லாம் அப்படியே திறந்துவிடுகின்றன. தூர்ந்த கண்மாயோடு இதுவும் சேர்ந்துகொள்ளும்போது, அளவு தெரியாத ஒரு கரண்டி என்ன செய்யும் என்பதை அப்பத்தாவின் தோளே காட்டிவிட்டது.

பொடியில் லெவோடோபா எவ்வளவு என்று அளக்க முடியாதா? முடியும். மின்முனையில் எலெக்ட்ரானை எளிதாக இழக்கும் மூலக்கூறு அது. சர்க்கரை பார்க்கும் கருவிபோல ஒன்று செய்து, நாட்டு மருந்துக் கடையிலேயே அளந்து சீட்டு ஒட்டலாம். பொடியிலுள்ள மற்றப் பொருள்கள் குறுக்கிடாமல் பார்ப்பதுதான் சவால். மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்பச் செட்டியார் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். மூலிகையின் பெருமை பேசும் விழாக்களுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு இத்தகைய அளவுகோலுக்கு வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பள்ளத்தூர் வாசகருக்கு: மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். லெவோடோபா திடீரென நின்றால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொடி விஷயத்தை நரம்பியல் மருத்துவரிடம் இன்றே தொலைபேசியில் சொல்லி, அதை என்ன செய்வது என்று கேளுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள். பொடி தெரியாமல் நெளிவை மட்டும் பார்த்தால், அப்பத்தாவுக்குத் தேவையான மாத்திரையை அவர் குறைத்துவிடக்கூடும். ஒரு நோட்டில் மூன்று நாள் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குப் பொடி, பாலிலா தண்ணீரிலா, எப்போது நெளிந்தார், எப்போது உறைந்தார். நிலைப்படியில் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தரையில் பதித்த அடுத்த ஆத்தங்குடிக் கல்லின் பூவை மிதிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஓர் இலக்கு கிடைத்தால் பலருக்கும் கால் விடுபடும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பொடி டப்பாவையும் எடுத்துப் போங்கள், அது வாங்கி எத்தனை நாளில் எவ்வளவு தீர்ந்தது என்ற கணக்கோடு.