ஆர்பிஎம் பட்டியலில் வராத பேக்கேஜ்கள்

2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் நிகழ்வுகளைப் பதிவுசெய்யப் பயன்படுத்தும் லாக்4ஜே லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியான சில நாட்களில், பெருங்குடியில் ஒரு நிறுவனத்தின் லினக்ஸ் சர்வர்களைத் தணிக்கை செய்யப் போயிருந்தேன். "ஆர்பிஎம் -க்யூஏ போட்டுப் பார்த்துட்டோம் சார், லாக்4ஜேன்னு எதுவுமே வரலை" என்று அங்கிருந்த அட்மின் தம்பி அச்சிட்ட பட்டியலை நீட்டினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆர்பிஎம் என்பது ரெட் ஹேட் வகை லினக்ஸில் பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) நிறுவும் கருவி; '-க்யூஏ' அது நிறுவியவற்றைப் பட்டியலிடும். ஆனால் அது தன் வழியாக நிறுவப்பட்டவற்றுக்கு மட்டுமே கணக்கு வைத்திருக்கும். கையால் நகலெடுத்து வைத்தவை அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. ஆப்ட் (/opt) டைரக்டரியில் எப்போதோ யாரோ வைத்துவிட்டுப் போன வார் ஃபைல் (ஜாவா வலைச் செயலியை மொத்தமாகச் சுருக்கிய ஃபைல்) ஒன்றை, உள்ளிருப்பவற்றைப் பட்டியலிடும் 'அன்ஜிப் -எல்' கட்டளையால் பார்த்தபோது, அதன் லிப் ஃபோல்டரில் லாக்4ஜே-கோர் 2.14.1 இருந்தது. தீவிர மதிப்பெண் 10க்கு 10 பெற்ற அந்த ஓட்டை உள்ள பதிப்புகளில் அதுவும் ஒன்று. ஃபைண்ட் கட்டளையால் ஜார் ஃபைல்களை (ஜாவா லைப்ரரிகள் வரும் வடிவம்) மட்டும் தேடியிருந்தாலும் அது சிக்கியிருக்காது, ஏனெனில் வார் ஃபைலுக்குள் இருக்கும் பெயரை ஃபைண்ட் படிப்பதில்லை.

பைத்தானின் பிப், ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம், உபுண்டுவின் ஸ்னாப் ஆகிய நிறுவும் கருவிகளுக்கும், டாக்கர் இமேஜ் (செயலியைத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய தொகுப்பு) ஒவ்வொன்றின் உள்ளிருப்பவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு என்பதால், அவற்றையும் தனித்தனியே கேட்டாக வேண்டும்.

உபுண்டு, டெபியன் சர்வர்களில் பேக்கேஜ்களைப் பட்டியலிடும் 'டிபிகேஜி -எல்' கட்டளை தரும் வரிகளை அப்படியே எண்ணிவிடுவோர் உண்டு. வரியின் தொடக்கத்தில் 'ஐஐ' இருந்தால் பேக்கேஜ் நிறுவப்பட்டிருக்கிறது. 'ஆர்சி' என்றால் பேக்கேஜ் நீக்கப்பட்டு, அதன் கான்ஃபிக் ஃபைல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துப் பதறுவதும் தவறு. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 1.0.1ஜி பதிப்பில் சரிசெய்யப்பட்டது; டெபியனோ பழைய 1.0.1இ பதிப்பை வைத்துக்கொண்டே, திருத்தத்தை மட்டும் அதில் சேர்த்து, பின்னொட்டு எண்ணை உயர்த்தி வெளியிட்டது. ரெட் ஹேட்டின் வழக்கமும் இதுவே. ஆகவே ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரின் அறிக்கை சிவப்பில் காட்டினால், 'ஆர்பிஎம் -க்யூ --சேஞ்ச்லாக்' என்று கேட்டு, அந்தக் குறைபாட்டின் சிவிஇ எண் (ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் பொது அடையாள எண்) திருத்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நான் முதலில் பார்க்கிறேன். இதைச் செய்யாமல் வாடிக்கையாளரைப் பயமுறுத்தும் தணிக்கையாளர்கள் சென்னையிலும் குறைவில்லை.

பேக்கேஜைப் புதுப்பித்த பிறகும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் பழைய லைப்ரரியையே நினைவகத்தில் வைத்திருக்கும். பெருங்குடியில் அன்று மாலை திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்ஓஎஃப்' போட்டபோது, வட்டில் நீக்கப்பட்டுவிட்ட ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியை என்ஜின்எக்ஸ் வலை சர்வர் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. புதுப்பித்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தும், யாரும் அதை ரீஸ்டார்ட் செய்திருக்கவில்லை.