சக்செஷன்: வாரிசும் அல்ல, வழிமுறை வளர்ச்சியும் அல்ல

எரிமலைச் சாம்பலில் செடிகள் தலைகாட்டுவதைப் பற்றிய ஒரு காணொளியின் தமிழ் விளக்கவுரையில், ‘எக்கலாஜிக்கல் சக்செஷன்’ என்னும் ஆங்கிலக் கலைச்சொல்லுக்குச் ‘சூழலியல் வாரிசு’ என்ற தொடர் ஐந்தாறு முறை வந்தது. தேர்வுக் குறிப்புகளிலும் இதை முன்பே பலமுறை கண்டு மனம் கசந்திருக்கிறேன். இனியும் பேசாமல் இருப்பது முறையன்று.

ஒன்றன் இடத்துக்கு அடுத்தது வருதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் சக்செஷன். அரியணைக்கும் சொத்துரிமைக்கும் வழங்கிவந்த அதனை அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1860இல் காட்டு மரங்களைப் பற்றிப் பேசுகையில் எடுத்தாண்டார். 1899இல் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளை ஆராய்ந்த தாவரவியலாளர் ஹென்றி கௌல்ஸ் அக்கருத்தைச் சூழலியலில் ஊன்றச் செய்தார். ஓரிடத்து உயிரினக் குழுமம் காலப்போக்கில் மாறி, அங்கே வேறொரு குழுமம் அமைவதே இதன் பொருள்.

வாரிசு அரபியிலிருந்து வந்த சொல். ஆனால் அதை நான் மறுப்பது அதனால் மட்டுமன்று. வாரிசு என்பது ஆளைக் குறிக்கும், நிகழ்வைக் குறிக்காது. அதைவிடப் பெரிய பிழை உறவு பற்றியது. அலாஸ்காவின் கிளேசியர் வளைகுடாவில் பனியாறு பின்வாங்கிய வெற்று நிலத்தைச் சூழலியலாளர் வில்லியம் கூப்பர் 1916 முதல் அளந்து கண்காணித்தார். அங்கே பாசிகளும் தரையோடு படரும் செடிகளும் முதலில் வருகின்றன. பிறகு ஆல்டர் புதர்கள் செழித்து, வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் மண்ணில் நைட்ரஜனைச் சேர்க்கின்றன. அந்த மண்ணில் ஓங்கும் ஸ்புரூஸ் மரங்கள் நிழல் கவித்து ஆல்டரையே ஒழிக்கின்றன. சேர்த்துவைத்த வளத்தை ஸ்புரூஸ் துய்ப்பதால் அதை வாரிசு எனலாமே என்று ஒருவர் வாதிட்டார். ஆனால் ஆல்டரின் வாரிசு ஆல்டர்தான். ஆல்டருக்குப் பின் ஆல்டரே வந்திருந்தால் அங்கே சக்செஷன் நிகழவில்லை என்றுதான் சூழலியலாளர் எழுதுவார். ஆகவே இம்மொழிபெயர்ப்பு மூலக் கருத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது.

சக்செஷனுக்குப் பாடநூல்களில் உள்ள ‘வழிமுறை வளர்ச்சி’ சிந்தித்துப் படைத்த சொல் என்பதை மதிக்கிறேன். எனினும் இன்றைய மாணவருக்கு வழிமுறை என்றால் செய்முறை. அரசு வெளியிடும் நெறிமுறைகளே அவர் நினைவுக்கு வரும். பழைய பொருளான மரபுவழி, தலைமுறை என்பதைக் கொண்டாலோ வாரிசுக்குச் சொன்ன மறுப்பு இதற்கும் பொருந்தும். வளர்ச்சி என்பது இன்னும் சிக்கலானது. குழுமம் ஓர் உயிரைப்போல் பிறந்து வளர்ந்து முதிர்கிறது என்று 1916இல் அமெரிக்கச் சூழலியலாளர் கிளமென்ட்ஸ் வாதிட்டார். ஒவ்வோர் இனமும் தன் போக்கில் வந்து சேர்வதே குழுமம் என்று மற்றொரு சூழலியலாளரான கிளீசன் 1926இல் மறுத்தார். அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடிய ஒன்றில், ஒரு தரப்பின் முடிவைக் கலைச்சொல்லே முன்கூட்டிச் சொல்லிவிடலாகாது.

மேலும், வளர்ச்சி என்னும் சொல் சூழலியலில் வேறோர் இடத்துக்கு இன்றியமையாதது: இனக்கூட்ட வளர்ச்சி. ஓர் இனத்தின் எண்ணிக்கை முதலில் மெதுவாகவும் பின்பு விரைவாகவும் பெருகி, இடமும் உணவும் தாங்கும் எல்லையை நெருங்குகையில் தணிவதை அது குறிக்கிறது. ஸ்புரூஸின் எண்ணிக்கை வளர்கையில் ஆல்டரின் எண்ணிக்கை தேய்கிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே சக்செஷன். பெருக்கத்துக்கும் அதன் விளைவான மாற்றத்துக்கும் ஒரே சொல்லை வைத்தால் மாணவர் எப்படிப் பிரித்தறிவார்?

என் பரிந்துரை ‘குழுமத் தொடர்மாற்றம்’. மாறுவது எது, எவ்வாறு மாறுகிறது என்ற இரண்டையும் அது சொல்லிவிடுகிறது. வெறும் பாறையில் தொடங்குவதை முதல்நிலைத் தொடர்மாற்றம் என்றும், தீயோ உழவோ அழித்தபின்னும் மண் எஞ்சியுள்ள நிலத்தில் தொடங்குவதை இரண்டாம்நிலைத் தொடர்மாற்றம் என்றும் இடர்ப்பாடின்றி வழங்கலாம். அகராதியில் முதலில் தென்படும் பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள்தாம், இனக்கூட்டத்தைக் குறிக்கும் ‘பாப்புலேஷன்’ என்ற சொல்லைப் பெயர்த்துப் ‘புலிகளின் மக்கள்தொகை’ என்றும் எழுதுகிறார்கள். சொல்லைப் பெயர்க்குமுன், அது குறிக்கும் நிகழ்வு என்னவென்று ஒரு பத்தியாவது அவர்கள் படிக்க வேண்டும்.