பாறை என்ன தவறு செய்தது?

கண்டிக்கு அருகே விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டி நில அதிர்வு என்று செய்தி வந்தால் போதும், "தவறுக் கோடு", "பிழைக் கோடு" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். பாறை பிளந்து இரு பக்கமும் நகர்ந்த இடத்தை ஆங்கிலத்தில் "ஃபோல்ட்" (fault) என்பார்கள்; அதைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். 2020இல் திகன, ஹாரகம பக்கம் நிலம் அதிர்ந்தது. பாறை யாருக்கும் தவறு இழைக்கவில்லை.

இந்த "ஃபோல்ட்" பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர், ஏமாற்றுதல், பொய்த்தல் என்று பொருள்படும் லத்தீன் வினை. நிலக்கரிச் சுரங்கத்தில் கரிப்படையைத் தொடர்ந்து வெட்டிப் போகையில் அது ஓரிடத்தில் சட்டென்று அறுந்துவிடும்; மிச்சம் மேலேயோ கீழேயோ நகர்ந்து கிடக்கும். கரி பொய்த்த இடத்துக்குச் சுரங்கத்தார் சொன்ன சொல்லையே புவிச்சரிதவியல் எடுத்துக்கொண்டது. ஜெர்மன் மொழியில் இதற்குள்ள சொல் எறிதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. குற்றம் அதில் இல்லவே இல்லை.

"தவறி விழுந்தான் என்கிறோமே, பாறையும் வழுக்கியதுதானே" என்று தவறுக்கு வக்காலத்து வாங்குவோர் உண்டு. கெட்டிக்கார வாதம்தான். ஆனால் "தவறு" பெயர்ச்சொல்லாக நின்றால் வழுக்கல் யார் காதிலும் விழாது, பிசகுதான் விழும். "அவர் தவறிட்டார்" என்றாலோ இழவுச் செய்தி! "பிழை" இன்னும் மோசம். "சுரங்கப் பாதையில் பிழை காணப்பட்டது" என்று அறிக்கையில் படிப்பவர், பிழை விட்ட பொறியியலாளர் யார் என்றுதான் தேடுவார். "குறை" என்பாரும் உண்டு. பாறையில் எதுவும் குறையவில்லை, இடம்தான் மாறியது.

"பிளவு" நல்ல தமிழ், ஆனால் பாதிச் சொல். மலைநாட்டில் வீதிக்காகப் பாறை வெட்டிய எந்த இடத்திலும் பிளவு இருக்கும். பெரும்பாலானவற்றில் இரு பக்கமும் நகர்ந்திருக்காது. நகர்ந்ததா என்று பார்ப்பது எளிது. பிளவைக் குறுக்கே வெட்டும் ஒரு வெள்ளைப் படிக நரம்பையோ கரிய வரியையோ பிடித்துக்கொள்ளுங்கள். அது மறுபக்கம் நேராகத் தொடர்ந்தால் வெறும் பிளவு. விலகி நின்றால் நகர்வு நடந்திருக்கிறது. நகர்ந்த முகத்தில் தேய்த்து மெருகேற்றியது போன்ற பளபளப்பும், நகர்ந்த திசையில் கீறல்களும் தெரியலாம். நடுவே நொறுங்கிய கல்லோ களிபோன்ற மாவோ இருக்கலாம். களி நீரை மறிக்கும், நொறுங்கல் நீரை விடும். சுரங்கம் வெட்டுபவருக்கு இந்த வேறுபாடு உயிர்நிலை. உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்தில் 2014 டிசம்பரில் நீர் புகுந்து, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றியது நினைவிருக்கும்.

ஆகவே "பிளவுப்பெயர்ச்சி", சுருக்கமாகப் "பெயர்ச்சி". சனிப்பெயர்ச்சி பார்ப்பவருக்கும், இடம்பெயர்ந்து வாழ்ந்தவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. வகைகளும் இதில் சுலபமாக அமையும். சாய்ந்த பிளவுக்கு மேலே கிடக்கும் பாறை கீழிறங்கினால் இறங்கு பெயர்ச்சி, மேலேறினால் ஏறு பெயர்ச்சி, இரு பக்கமும் பக்கவாட்டில் உரசிப் போனால் பக்கப் பெயர்ச்சி. "ஏறு பிழை" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆனால் மண்சரிவை இதனோடு கலக்கக் கூடாது. 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்தது சரிவு. மண்ணும் கல்லும் சரிவில் இறங்கி தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களை மூடின. லயச் சுவரில் விழுவது வெடிப்பு. அதையும் பெயர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள்.

ஆங்கிலத்தில் ஒரு சொல் என்றால் தமிழிலும் ஒன்றுதான் என்று அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிடுவதுதான் மொழிபெயர்ப்பாளரின் நோய். ஆள்மேல் சுமத்துவது குற்றம், கணக்கில் வருவது பிழை, லொறிக்கும் மின்கம்பிக்கும் வருவது பழுது. இதைப் படித்துவிட்டு "மின்பெயர்ச்சி" என்று எவரும் கிளம்பாமல் இருந்தால் சரி.