2035-க்குப் பிறகு பெட்ரோல் கார் ஓட்டலாமா? ரெயூனியனில் இருக்கிற நம்மவர்களுக்கு ஒரு விளக்கம்

2035 முதல் ஐரோப்பாவில் பெட்ரோல் காருக்குத் தடை என்கிறார்களே, அதற்கப்புறம் கையில் இருக்கிற காரை ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓட்டலாம். 2035 ஜனவரி 1 விடிந்ததும் உங்கள் வாசலில் நிற்கும் பெட்ரோல் காரை யாரும் வந்து இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள். கார்த் கிரீஸ் (வண்டியின் பதிவுச் சான்று) செல்லுபடியாகும், வண்டியை விற்கலாம், வேறொருவரிடமிருந்து பழைய வண்டி வாங்கலாம், பெட்ரோல் பங்கில் போய் நிரப்பலாம். நான்கு வயதான வண்டியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோந்த்ரோல் தெக்னிக்குக்கு, அதாவது வண்டிப் பரிசோதனைக்கு, கொண்டுபோவதும் இந்தத் தடையால் மாறப்போவதில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "தடை வரப்போகிறது, இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று புது எலெக்ட்ரிக் கார் தள்ளிவிடுகிறவர்கள் ஒரு பக்கம், "தடை வந்தால் உங்கள் வண்டி பழைய இரும்புக்குத்தான் போகும்" என்று சொல்லி நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம். புதுச்சேரியிலிருந்து போன் பண்ணுகிற சொந்தக்காரர்களும் "அங்கே பெட்ரோல் வண்டியே கூடாதாமே" என்று கேட்டு நம்மைக் கலவரப்படுத்துகிறார்கள். அதனால் சட்டத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒருதடவை பார்த்துவிடுவோம்.

நாம் இருப்பது இந்தியப் பெருங்கடலில்தான், ஆனால் ரெயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம், அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இங்கேயும் செல்லும். பக்கத்துத் தீவான மொரீஷியஸுக்கு இது பொருந்தாது. சட்டம் 2023 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன்பு இருந்த 2019-ஆம் வருடத்துச் சட்டத்தைத் திருத்தி, புதிதாக விற்கும் கார்களும் சின்ன வேன்களும் 2035 முதல் புகைக்குழாயிலிருந்து கார்பன் டை ஆக்சைடு விடக்கூடாது என்று அது சொல்கிறது. அதற்கு நடுவில் 2030-இல் ஒரு படி: 2021-இல் இருந்த அளவோடு ஒப்பிட்டால் கார்களுக்கு 55 சதவீதம், வேன்களுக்கு 50 சதவீதம் குறைக்க வேண்டும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். இந்தச் சட்டம் உங்களையும் என்னையும் பார்த்துப் பேசவே இல்லை, கார் கம்பெனிகளைப் பார்த்துப் பேசுகிறது. ஒரு கம்பெனி ஒரு வருடத்தில் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க விற்ற புது வண்டிகளையெல்லாம் சேர்த்து, கிலோமீட்டருக்குச் சராசரியாக எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று கணக்குப் பார்ப்பார்கள். வரம்பைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் 95 யூரோ அபராதம். கேட்கச் சின்னத் தொகையாக இருக்கும். ஒரு லட்சம் கார் விற்ற கம்பெனி 5 கிராம் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், 4 கோடியே 75 லட்சம் யூரோ கட்ட வேண்டும். 2035-இல் அந்தச் சராசரி பூஜ்யம் ஆக வேண்டும் என்பதால், பெட்ரோல் கார் தயாரித்து விற்பது கம்பெனிக்குக் கட்டுபடியாகாது, ஹைப்ரிட்டும் புகை விடுகிறது என்பதால் அதுவும் மாட்டிக்கொள்ளும். "தடை" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வருடத்துக்கு ஆயிரம் வண்டிக்குக் குறைவாக விற்கும் குட்டிக் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அவர்கள் விற்பது பெரும்பாலும் நாம் எட்டிப் பார்க்கிற விலையில் இருக்காது. ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் இந்தச் சட்டத்திலேயே இல்லை.

சரி, இந்த 2035 உறுதியானதா? அதுவும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. 2023 மார்ச்சில் கடைசி நேரத்தில் ஜெர்மனி முட்டுக்கட்டை போட்டது. செயற்கை எரிபொருளில் மட்டும் ஓடும் வண்டிக்கு ஒரு வழி விடவேண்டும் என்று கேட்டு, வாக்குறுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துக்கு வந்தது. 2025-ஆம் வருட வரம்பைத் தொட முடியாது என்று கம்பெனிகள் புலம்ப, 2025, 2026, 2027 மூன்றையும் சேர்த்துச் சராசரி காட்டினால் போதும் என்று தளர்த்தினார்கள். பிறகு 2025 டிசம்பர் 16-இல் ஐரோப்பிய ஆணையம் இன்னும் பெரிய தளர்வை முன்வைத்தது: நூறு சதவீதத்துக்குப் பதிலாக 90 சதவீதம் குறைத்தால் போதும், மீதி 10 சதவீதத்தை ஐரோப்பாவில் கார்பன் குறைவாகத் தயாரித்த எஃகு, செயற்கை எரிபொருள், தாவர எரிபொருள் என்று வேறு வழியில் ஈடுகட்டலாம் என்பது அந்த யோசனை. அதன்படி நடந்தால் ஹைப்ரிட் கொஞ்சம் பிழைத்துக்கொள்ளும். ஆணையம் முன்வைப்பது யோசனைதான், ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளும் ஒப்புக்கொண்டால்தான் சட்டம். அதனால் யாராவது "தடையை ரத்து பண்ணிவிட்டார்கள்" என்று சொன்னாலும் உடனே நம்பாதீர்கள்.

பிரான்சுக்குத் தனியாகவும் ஒரு சட்டம் இருக்கிறது, 2019 டிசம்பரில் வந்த போக்குவரத்துச் சட்டம். அது புதைபடிவ எரிபொருளில் ஓடும் புதுக் கார்களின் விற்பனையை 2040-க்குள் முடித்துக்கொள்வது என்று இலக்கு வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதைவிட ஐந்து வருடம் முன்னால் வந்துவிட்டதால் அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

அப்புறம், அரசாங்கம் இப்படிச் செய்யலாமா என்ற கேள்வி. என்னைக் கேட்டால், புது வண்டி விற்பதை நிறுத்துவது நியாயம், ஓடுகிற வண்டியைத் தொடுவதுதான் அநியாயம், இந்தச் சட்டம் முதலாவதை மட்டும் செய்கிறது. ஆனால் நம் தீவுக்கு என்று பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதல்ல.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சில வருடம் முன்புவரை இங்கே எலெக்ட்ரிக் கார் ஓட்டுவது ஒருவகையில் நிலக்கரி வண்டி ஓட்டுவதுதான், புகை நம் தெருவில் வராமல் புவா ரூஜ், லெ கோல் மின் ஆலைகளில் வந்தது, அவ்வளவே. 2023-இல் புவா ரூஜ் ஆலை மரத்தூளை அழுத்திச் செய்த பெலெட்டுக்கு மாறியது, லெ கோல் 2024-இல் மாறியது, துறைமுக ஊரான லெ போரில் இருக்கிற ஆலை கனரக எண்ணெயை விட்டுவிட்டுக் கோல்சா என்கிற கடுகு வகை எண்ணெயில் ஓடுகிறது. நிலக்கரி போய்விட்டது. நல்லதுதான். ஆனால் அந்தப் பெலெட்டும் எண்ணெயும் கப்பலில்தான் வந்து இறங்குகின்றன. பெட்ரோலுக்குக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது மரத்தூளுக்குக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். எல்லோரும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இரவு ஏழு மணிக்கு, சோறு வடிக்கிற நேரத்தில், காரையும் செருகினால் அந்த ஆலைகள்தான் மூச்சுமுட்ட ஓட வேண்டும். பகலில் வெயில் காயும்போது சார்ஜ் போட்டால் கூரைகளில் இருக்கிற சோலார் கொடுக்கும். அதனால் அலுவலகத்திலும் கடை வாசல்களிலும் சார்ஜர் வைப்பது, வீட்டில் வைப்பதைவிட இங்கே அவசரம்.

பணமும் இருக்கிறது. இங்கே பெட்ரோல் விலையின் உச்சவரம்பை மாதத்துக்கு ஒருமுறை பிரிஃபெக்ட் (இங்கே பிரெஞ்சு அரசின் பிரதிநிதி) அறிவிக்கிறார், தீவு முழுக்க ஒரே விலை. அதில் அடங்கியிருக்கும் வரி பிராந்தியத்துக்கும் மாவட்டத்துக்கும் கொம்யூன்களுக்கும் (ஊராட்சிகளுக்கும்) போகிறது, சாலை போட, பழுதுபார்க்க அதுதான் பெரிய ஆதாரம். பெட்ரோல் குறைந்தால் அந்த வரியை வேறு எதன்மேல் போடப்போகிறார்கள்? 2018 நவம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். எரிபொருள் வரியை எதிர்த்துக் கிளம்பிய மஞ்சள் சட்டைக்காரர்கள் ரவுண்டானாவையெல்லாம் அடைத்தார்கள், கடைகளில் சாமான் தீர்ந்தது, தீவில் பாதிக்கு மேற்பட்ட கொம்யூன்களில் இரவு ஊரடங்கு, கடைசியில் எரிபொருள் வரியை மூன்று வருடத்துக்கு ஏற்ற மாட்டோம் என்று பிராந்தியம் சொல்ல வேண்டியதாயிற்று. லிட்டருக்குச் சில சென்ட் விஷயத்துக்கே அந்தக் கூத்து. அதோடு நம் பங்குகளில் இன்னும் ஆள் நின்று நிரப்பிக் கொடுக்கிறார், கண்ணாடியைக்கூடத் துடைத்துவிடுவார். பிரான்சில் எப்போதோ போய்விட்ட அந்த வேலையை இங்கே விடாமல் வைத்திருக்கிறார்கள். சார்ஜருக்குப் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள், பங்கில் நிற்கிறவர்களுக்கு இனி என்ன வேலை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் இது எதுவும் இல்லை. கரையோரமாக ஓடிய ரயிலை மூடினார்கள், டிராம் ரயில் திட்டத்தை 2010-இல் கைவிட்டார்கள், கடலுக்குமேல் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய புதுப் பாலத்தில் 2022-இலிருந்து கார்கள் இன்னும் வேகமாகப் போய்த் தலைநகர் சேன் தெனி வாசலில் இன்னும் நீளமாக வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாக் காரும் எலெக்ட்ரிக் ஆனாலும் அந்த வரிசை அப்படியேதான் நிற்கும். ஊர்களை இணைக்கிற கார் ஜோன் பஸ் அடிக்கடி வந்து, சொன்ன நேரத்துக்கு வந்தால், பாதிப் பேருக்கு இரண்டாவது காரே தேவைப்படாது.

ஆனால் ஓட்டுவதில் சிரமம் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். சேன் தெனியிலிருந்து தெற்கே இருக்கிற சேன் பியருக்கு 80 கிலோமீட்டர் சொச்சம், போய்த் திரும்பினாலும் சின்ன பேட்டரி வண்டியே தாங்கும். சிலாவோஸ் மலைப்பாதை நானூறு வளைவு என்பார்கள், ஏறும்போது பேட்டரி மடமடவென்று குறையும், உண்மைதான். இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியே தன்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டு பேட்டரியை நிரப்பும், பெட்ரோல் வண்டியில் பிரேக் காய்ந்து வருகிற அந்த நாற்றம் இருக்காது. ஒன்று மட்டும்: மேலே தங்கினால் பேட்டரியை முழுக்க நிரப்பாதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்ப நிரப்ப இடம் இருக்காது, முதல் சில வளைவுகளில் வழக்கமான பிடிப்பு கிடைக்காமல் திக்கென்று இருக்கும். (புது வண்டியைக் கோயிலுக்கு ஓட்டிப்போய்ச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு எலெக்ட்ரிக் கார் என்றால் ஆகாதா என்று ஒரு பெரியம்மா கேட்டார்கள். தாராளமாக வைக்கலாம்.)

இனி, தடையைவிட நமக்கு உடனே பயன்படுகிற ஒரு விஷயம். அபார்ட்மெண்ட்டில் இருக்கிறவர்கள் "எங்கள் கட்டடத்தில் சார்ஜர் வைக்க விட மாட்டார்கள்" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். விடாமல் இருக்க முடியாது, சட்டத்தில் உங்களுக்கு உரிமை இருக்கிறது. 'துருவா அ லா ப்ரீஸ்' (சார்ஜ் பிளக் வைக்கும் உரிமை) என்று கேட்டால் சிண்டிக்குக்கு, அதாவது கட்டடத்தை நிர்வகிக்கிறவருக்கு, புரியும். வீட்டுச் சொந்தக்காரராக இருந்தாலும் சரி, வாடகைக்கு இருந்தாலும் சரி, உங்களுக்கென்று பார்க்கிங் இடம் இருந்தால் போதும். 2021 ஜனவரியிலிருந்து திறந்தவெளிப் பார்க்கிங்கும் இதில் சேர்ந்துவிட்டது.

சொந்தக்காரர் என்றால் சிண்டிக்குக்கு ஒரு ரெகொமாந்தே (பதிவுத் தபால்) கடிதம், ஒப்புகைச் சீட்டோடு. வாடகைக்காரர் என்றால் கடிதம் வீட்டுக்காரருக்கு, நகல் சிண்டிக்குக்கு. கடிதத்தோடு என்ன வேலை, கம்பி எந்த வழியாகப் போகிறது என்று எலெக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த விவரமும் வரைபடமும் வைக்க வேண்டும். கட்டடத்துச் சொந்தக்காரர்கள் கூட்டத்தில் வாக்கெடுப்பு தேவையில்லை, விஷயத்தைத் தகவலாக மட்டும் வைப்பார்கள். "அடுத்த வருடக் கூட்டத்தில் பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பதற்கு இதில் இடமில்லை. எதிர்க்க வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்குள் அவர்கள்தான் நீதிமன்றம் போக வேண்டும், அதுவும் ஏற்கெனவே சார்ஜர் வசதி இருக்கிறது, அல்லது எல்லோருக்கும் சேர்த்து வைக்கப்போகிறோம் என்பதுபோல உருப்படியான காரணத்தோடு. செலவு முழுக்க உங்களுடையது, மின்சாரமும் தனியாகக் கணக்கிடப்பட வேண்டும். 3.7 கிலோவாட்டுக்கு மேல் சார்ஜர் வைத்தால் அதற்கென்று சான்றிதழ் பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் வைக்க வேண்டும். தெரிந்த பையன் வைத்தான் என்றால் நாளைக்கு இன்சூரன்ஸ் கைவிரிக்கும்.

உதவித்தொகை விஷயத்தில் மட்டும் பழைய துண்டுப் பிரசுரங்களை நம்பாதீர்கள். பழைய வண்டியைக் கொடுத்துப் புதிது வாங்கினால் கிடைத்த உதவி 2024 டிசம்பரில் முடிந்துவிட்டது. பிரான்சில் எலெக்ட்ரிக் கார் போனஸே 2025 ஜூலையில் அரசுப் பணத்திலிருந்து எரிசக்திக் கம்பெனிகளின் பணத்துக்கு மாறியது. வீட்டுச் சார்ஜருக்கு 500 யூரோவரை கிடைத்த வருமானவரிச் சலுகை 2025 டிசம்பர் 31 வரை செய்த செலவுக்குத்தான். ஆகவே ஷோரூமில் "இத்தனை ஆயிரம் கழியும்" என்று வாயால் சொன்னால் போதாது. ரெயூனியனில் பதிவாகும் வண்டிக்கு, நீங்கள் ஆர்டர் கொடுக்கிற தேதிக்கு எவ்வளவு என்பதை ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்குங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.