டிஸ்பிளே போனால் பவர் பட்டனை அமுக்காதீர்கள்

இந்த வாரத்தில் இவர் மூன்றாவது ஆள். கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் தம்பி, சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். வேலை நடுவில் டிஸ்பிளே போயிருக்கிறது. உடனே பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்திருக்கிறார். மறுபடி போட்டால் ஆல்பம் ஃபைல் திறக்கவில்லை.

"டிஸ்பிளே போனப்ப பாட்டு ஓடுச்சா தம்பி?"

"ஓடுச்சுண்ணே."

பாட்டு ஓடினால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது. படம் மட்டும்தான் வரவில்லை. பாட்டு போடவில்லையா, கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அந்தச் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் போதும். மானிட்டர் கேபிளை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கன்ட்ரோல், எஸ் அமுக்குங்கள். பல நேரம் ஃபைல் சேவ் ஆகிவிடும். அப்புறம் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து ஒரு தட்டு. ஒரு பீப் கேட்கும், திரை ஒருமுறை வெட்டி வரும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது உண்டு.

இது கிராபிக்ஸ் டிரைவரை, அதாவது திரையில் படம் வரவைக்கும் மென்பொருளை, ரீசெட் செய்வது. இதைச் சொன்னாலே "ரீசெட்டா? எல்லாம் அழிஞ்சிடுமே!" என்று பதறுகிறார்கள். போனை ஃபேக்டரி ரீசெட் செய்து போட்டோக்களை இழந்த பயம் அது. தயவுசெய்து கேளுங்கள்: இது அந்த ரீசெட் இல்லை. ஃபார்மேட் இல்லை, ரீஸ்டார்ட்கூட இல்லை. கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். ஹார்ட் டிஸ்க்கை அது தொடுவதே இல்லை. திறந்திருந்த வேர்டும் பிரௌசரும் அப்படியே இருக்கும். கேமோ வீடியோ எடிட்டிங்கோ ஓடினால் அது மட்டும் மூடிக்கொள்ளலாம். இதே வேலையை விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் தானாகவே செய்கிறது. கிராபிக்ஸ் கார்டு 2 வினாடி பதில் தராவிட்டால் டிரைவரை மறுபடி எழுப்பும். உங்கள் கம்ப்யூட்டரிலும் நடந்திருக்கும், எதுவும் அழியவில்லையே!

ஆனால் தினமும் இதை அமுக்க வேண்டியிருந்தால் அது வைத்தியம் இல்லை. விண்டோஸ் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில், டிரைவர் நின்று மீண்டதைச் சொல்லும் 4101 என்ற எண் வரிசையாக நின்றால் டிரைவரைப் பாருங்கள், கார்டு ஃபேனில் தூசு அடைத்திருக்கிறதா பாருங்கள், பவர் சப்ளையைச் சோதியுங்கள். கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். எத்தனை முறை சொல்வது!

நான்கு சாவியும் வேலை செய்யவில்லை, கேப்ஸ் லாக் விளக்கும் அசையவில்லை என்றால் மட்டும் பவர் பட்டன்.

தம்பியின் ஆல்பத்தில் பழைய பேக்கப்பிலிருந்து 14 பக்கம் மீண்டது. மீதியை உட்கார்ந்து மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்காரர்கள் வருகிறார்களாம்.