பழைய சுவருக்குச் சிமெண்ட் பூசும் முன்பு

சிங்கப்பூரில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனால், கோபுரத்தைத் தாண்டியதும் அண்ணாந்து பார்ப்பேன். வாசலுக்கும் சன்னதிக்கும் நடுவே முன்பு அத்தாப்புக் கூரைதான் (பனையோலை போன்ற ஓலை வேய்ந்தது) இருந்தது. 1910-ல் அது தீயில் எரிந்துபோனது. 1915-ல் அந்த இடத்தில் எழுந்த மண்டபத்தை வரைந்து கொடுத்தது ஸ்வான் அண்ட் மக்லாரன் என்ற வெள்ளைக்காரர்களின் நிறுவனம்.

1892-ல் இரண்டு பொறியாளர்கள் சேர்ந்து தொடங்கியது அது. அப்புறம் அங்கே சேர்ந்த கட்டடக் கலைஞர் பிட்வெல்தான் ராஃபிள்ஸ் ஹோட்டலின் 1899 கட்டடத்தையும், 1905-ல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபத்தையும் வரைந்தார். 1932-ல் வந்த தஞ்சோங் பகார் ரயில் நிலையமும் இவர்களுடையதே. எனக்கு மிகவும் பிடித்தது, இதே நிறுவனத்தின் டெனிஸ் சாண்ட்ரி வரைந்த சுல்தான் பள்ளிவாசல். தங்கநிறக் குவிமாடத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை தெரியும். உற்றுப் பாருங்கள், அத்தனையும் கண்ணாடி பாட்டில்களின் அடிப்பாகங்கள். ஏழைகளுக்கும் பங்கு இருக்கட்டும் என்று அவர்களிடம் வாங்கிப் பதித்தவை.

இவை தேசிய நினைவுச்சின்னங்கள், கவனிக்க ஆள் உண்டு. கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் அதே காலத்துக் கடைவீடுகளை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

சுவரில் ஓதம் என்று ஒரு கடைவீட்டுக்குக் கூப்பிட்டார்கள். இடுப்பளவுக்குப் பூச்சு பொரிந்து உப்பு பூத்திருந்தது. விரலை மடக்கித் தட்டினேன், பொள்ளலாகச் சத்தம் வந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவருக்கு யாரோ சிமெண்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்திருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே தானாக ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் இன்னும் மேலே ஏறும். அதோடு வரும் உப்பு உள்ளே படிந்து செங்கல்லை அரிக்கும். பூச்சை எடுத்துவிட்டுக் கத்தி முனையால் தொட்டேன், செங்கல் சிவப்பு மாவாகக் கொட்டியது. இந்த நிலையில் நீர்புகாப் பூச்சு என்று இன்னொரு கை அடிப்பது சுவரைக் கொல்வதற்குச் சமம்.

எதையும் இடிக்கும் முன்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் விசாரியுங்கள். 1884 முதல் நகராட்சியிடம் கொடுத்த கட்டட வரைபடங்கள் அங்கே இருக்கின்றன. எந்தச் சுவர் எடை தாங்குகிறது, எந்த ஜன்னலைப் பிற்காலத்தில் அடைத்தார்கள் என்பது அவற்றைப் பார்த்தால் புரியும். ராஃபிள்ஸ் ஹோட்டலை 1989-ல் மூடிப் புதுப்பித்தபோது 1915-ல் இருந்த தோற்றத்துக்கே திருப்பினார்கள். வீடு பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பகுதியில் இருந்தால் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதியும் வேண்டும்.

அந்தக் கடைவீட்டின் வரைபடம் கிடைத்தது. பின்சுவரில் வரிசையாகக் காற்றுத்துளைகள் போட்டிருந்தார்கள். இப்போது ஒன்றுகூட இல்லை, எல்லாம் சிமெண்டுக்கு அடியில். சிமெண்டைக் கொத்தி எடுத்துத் துளைகளைத் திறந்துவிட்டோம். சுண்ணாம்பு பூச இன்னும் சில மாதம் ஆகும். முதலில் சுவர் காயட்டும்.