‘நல்ல வக்கீல்’ என்று நாங்கள் சொன்னால் பாதியைத்தான் நம்புங்கள்

“அய்யா, அவரு நல்ல வக்கீலுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. மஞ்சப்பையிலிருந்து இ.பி. நோட்டீஸை (தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனுவின் நோட்டீஸ்) எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். குடியிருக்கும் வீட்டை ஒப்படைக்கச் சொல்லும் நோட்டீஸ். வழக்கில் எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது அவர் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு, ஆகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவரோ வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றே நினைத்திருந்தார்.

ஆமாம், நான்தான் சொன்னேன். அறுவை சிகிச்சை முடிந்து புதுக் கேஸ் எதுவும் எடுக்காமல் இருந்த நேரம் அது. “அவர்கிட்டப் போங்கம்மா, தைரியமாப் போங்க” என்று சொல்லி அனுப்பினேன். பொய் சொல்லவில்லை. அந்த வக்கீலின் குறுக்கு விசாரணையைப் பதினைந்து வருஷமாகப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தவன் நான். சாட்சியிடம் குரல் உயர்த்தாமல், ஒரே தேதியை மூன்று விதமாகக் கேட்டு உண்மையை வெளியே கொண்டுவருவார். எங்கள் பாரில், அதாவது இங்குள்ள வக்கீல்களில், யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி இதையேதான் சொல்வார்கள்.

கேஸை நானே எடுத்துக்கொண்டு, வக்காலத்து மாற்றத்துக்கு அவரிடம் நோ அப்ஜெக்‌ஷன் (ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்து) வாங்கப் போனேன். டீக்கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை. அன்று மாலை கேஸ் கட்டைப் பிரித்தேன். மேலட்டையில் குமாஸ்தாவின் கையெழுத்தில் வாய்தா தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘எதிருரைக்கு’, அதாவது வழக்குக்கு நம் தரப்பு எழுத்துப் பதில் தர. ஏழு முறை ‘எதிருரைக்கு’. அதற்கப்புறம் ஒன்றுமில்லை, வெறும் கோடுகள். அழைப்பாணை கிடைத்து 30 நாளில் எதிருரை போட வேண்டும், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். கட்டுக்குள்ளே அந்த அம்மா கொடுத்த வீட்டு வரி ரசீதுகளும் மின் அட்டையும் அவர் மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை.

இவ்வளவும் நான் பார்த்த அதே பதினைந்து வருஷத்தில், அதே வளாகத்தில் நடந்ததுதான். என் கண்ணில் படவில்லை. படும் இடத்திலும் நான் இல்லை. இன்னொரு வக்கீலிடம் நாங்கள் பார்ப்பது கோர்ட் ஹாலில் அவர் நிற்கும் பத்து நிமிடத்தை: வாதம், சட்ட அறிவு, நீதிபதியிடம் பேசும் பாங்கு. கட்சிக்காரருக்கு வேண்டிய வேலையில் பெரும்பகுதி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் ஆபீஸில் நடப்பது. போனை எடுத்தாரா, வாய்தாவைச் சொன்னாரா, தீர்ப்பு வந்ததும் நகலுக்கு மனுப் போட்டாரா, வாங்கிய பணத்துக்குக் கணக்குக் கொடுத்தாரா. இதற்கெல்லாம் சக வக்கீல் யாரும் சாட்சி இல்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் தொழிலுக்குள் இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். சக வக்கீல்களிடம் நல்ல பெயர் வாங்கித் தரும் குணம் சில நேரம் கட்சிக்காரருக்கே பாதகமாக முடிகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்டால் “நோ அப்ஜெக்‌ஷன்” என்று உடனே எழுந்து சொல்பவரை நாங்கள் தங்கமான மனிதர் என்போம். காய்ச்சல், வீட்டில் சாவு என்றால் விட்டுக்கொடுப்பதுதான் மனிதத்தன்மை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது என்று சட்டம் வரம்பு கட்டிய பிறகும் பத்து, பதினைந்து வாய்தா ஓடுகிறது. அந்தப் பெருந்தன்மைக்கான செலவு எங்கள் பையிலிருந்து போவதில்லை. அன்றைய கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் பையிலிருந்து போகிறது. எங்கள் கோர்ட்டில் ஒரு பெண் வக்கீல் இருக்கிறார். காரணமில்லாத வாய்தாவை எழுந்து நின்று ஆட்சேபிப்பார். ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் கட்சிக்காரருக்குத் தாமே போன் செய்வார். பாரில் அவரைப் பற்றிக் கேட்டால் “ஒத்துப்போக மாட்டாங்க” என்பார்கள். என் தங்கைக்கு ஒரு சொத்துத் தகராறு வந்தபோது அவரிடம்தான் அனுப்பினேன்.

போதாததற்கு, கேஸ் கைமாற்றிவிடுபவர்கள், ஒரே சீனியரிடம் வளர்ந்தவர்கள், சங்கத் தேர்தலில் ஒரே அணி என்று எங்களுக்குள் ஆயிரம் கட்டு. நாளைக்கு அதே ஹாலில் முகம் பார்க்க வேண்டிய ஒருவரைப் பற்றி வெளி ஆளிடம் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எனவே சக வக்கீல் வாயிலிருந்து வரும் பாராட்டை அப்படியே ஏற்காதீர்கள். பதில் சொல்லாமல் அவர் பேச்சை மாற்றினால் அதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவில் இதையே ஓர் ஏற்பாடாக வைத்திருக்கிறார்கள். மார்ட்டிண்டேல்-ஹப்பெல் நிறுவனம் நூறாண்டுக்கும் மேலாக, சக வக்கீல்களிடம் ரகசியமாகக் கருத்துக் கேட்டுத் தரம் சொல்லி வருகிறது. உச்சத் தரம் ‘ஏவி’. அளப்பது சட்டத் திறமையையும் தொழில் நெறியையும். கட்சிக்காரர் மதிப்பீட்டை அவர்களே தனியாகத்தான் வாங்குகிறார்கள். இரண்டும் வேறு வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டில் அதற்கு நெருக்கமானது ‘மூத்த வழக்கறிஞர்’ பட்டம். வழக்கறிஞர்கள் சட்டம் 1961-ன் 16-ஆம் பிரிவு இதற்குப் பார்க்கச் சொல்வது திறமை, பாரில் உள்ள மதிப்பு, சட்டத்தில் சிறப்பு அறிவு அல்லது அனுபவம். 2017-ல் உச்ச நீதிமன்றம் நூறு மதிப்பெண் முறை ஒன்றைக் கொண்டுவந்தது. தொழில் ஆண்டுகள், தீர்ப்புகள், நூல்கள், நேர்காணல் என்று பிரித்திருந்தார்கள். கட்சிக்காரரின் அனுபவத்துக்கு அதில் தனி இடமில்லை. 2025 மே மாதத்தில் அந்த மதிப்பெண் முறையையே கைவிட்டார்கள். மூத்த வழக்கறிஞர் கட்சிக்காரரிடமிருந்து நேரடியாக வழக்கு வாங்கவும் கூடாது, வக்காலத்துப் போடவும் கூடாது. அப்படியிருக்க அந்தக் கவுன், உங்கள் போனை எடுப்பாரா என்ற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லும்?

வேறு வழியும் குறைவு. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. வக்கீல்களுக்கு இணையத்தில் ரேங்க் போடுவதும் வாடிக்கையாளர் ரேட்டிங் தருவதும் தொழிலின் மாண்பைக் குலைக்கும் என்று அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. விளம்பரமும் காசு கொடுத்து வாங்கும் நட்சத்திரமும் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அதனாலேயே மக்களுக்கு மிஞ்சியிருப்பது எங்கள் வாய்வார்த்தை மட்டும். அதை நாங்கள் பொறுப்போடு சொல்ல வேண்டாமா?

உங்கள் வழக்குக்கென்று தனியாகத் தரப்படும் சி.என்.ஆர். எண்ணை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். பதினாறு இடம், எழுத்தும் எண்ணுமாக இருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் கடந்த வாய்தாவில் என்ன நடந்தது, அடுத்தது என்றைக்கு என்று வரும். வக்கீலை அமர்த்துமுன் அவருடைய பழைய கட்சிக்காரர்களிடம் விசாரியுங்கள். கேஸ் ஜெயித்ததா என்று கேட்காதீர்கள், “வாய்தா உங்களுக்கு யார் சொன்னாங்க?” என்று கேளுங்கள். தோற்றவர் ஒருவர் அந்த வக்கீலை நன்றாகச் சொன்னால் அது பெரிய சான்று. எங்களிடம் விசாரிப்பதானால் “அவர் எப்படி?” என்று கேட்காதீர்கள். “உங்க வீட்டுக் கேஸை அவர்கிட்டக் கொடுப்பீங்களா?” என்று கேளுங்கள். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைத் தர மறுத்தால் பயப்பட வேண்டாம். பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லியிருக்கிறது. தொழில் ஒழுங்கீனம் என்றால் வழக்கறிஞர்கள் சட்டம் 35-ஆம் பிரிவின்படி மாநில பார் கவுன்சிலில் புகார் செய்யலாம், கவுன்சில் ஓராண்டுக்குள் அதை முடிக்க வேண்டும் என்பது சட்டம்.

எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்யக் கேட்ட அந்த அம்மாவின் மனுவில் 412 நாள் தாமதத்தை நீதிமன்றம் மன்னித்தது. ஆனால் எதிர்த்தரப்புக்கு 5,000 ரூபாய் செலவுத்தொகை கட்டச் சொன்னது. தவறு அவருடையது அல்ல, கட்டியவர் அவர்தான். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கொண்டுவந்தார். பணத்தை என் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“ரசீது தாங்கய்யா” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துப் பார்த்து, தேதியைச் சரிபார்த்து, மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார்.